விமானத்தில் ஒரு மாற்றம்



வகுப்பில் ஒரு பெஞ்சின் கால் ஒடிந்துவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? தச்சரை அழைத்து வேறு கால் போடச் சொல்கிறோம். பழைய கால் தேக்காக இருந்திருக்கும். புதிய கால் வேம்பாக இருக்கலாம். அதற்காக நாம் எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. அந்தப் பெஞ்சை முதன்முதலில் செய்தவர் யார் என்று விசாரிப்பதுமில்லை. உட்கார்ந்து பார்க்கிறோம், ஆடவில்லை, பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

ஆனால் ஆகாய விமானத்திலுள்ள ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு வேறு வகை நாற்காலி ஒன்றை அங்கே பொருத்த வேண்டுமானால், விமானத்தின் சொந்தக்காரர் தம் விருப்பப்படி அதைச் செய்துவிட முடியாது. அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்காகப் படங்கள் வரைய வேண்டும். கணக்குகள் போட வேண்டும். நாற்காலியைத் தீயிலும் மோதலிலும் சோதிக்க வேண்டும். 'ஒரு நாற்காலிக்கு இத்தனை ஆரவாரமா?' என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதை இந்தப் பேச்சின் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

புதிய வகை விமானம் ஒன்றை ஒரு நிறுவனம் வடிவமைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வடிவமைப்பு பாதுகாப்பு விதிகள் அனைத்துக்கும் பொருந்தியிருக்கிறது என்று அரசாங்கத்தின் விமானத் துறை ஆராய்ந்து ஒரு சான்றிதழ் அளிக்கிறது. இதனை வகைச் சான்றிதழ் என்று சொல்லலாம். ஒரு தனி விமானத்திற்கு அளிக்கப்படும் சான்றிதழ் அன்று இது. அந்த வகையின் வடிவமைப்புக்கே அளிக்கப்படுவது. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டில் விமான வர்த்தகச் சட்டம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் பூல் ஏர்ஸ்டர் என்னும் இரட்டைச் சிறகு விமானம் அந்நாட்டின் முதலாம் எண் வகைச் சான்றிதழைப் பெற்றது. அதற்கு முன்பு, விமானம் செய்யத் தெரிந்தவர் எவரும் செய்யலாம், ஏறத் துணிந்தவர் எவரும் ஏறலாம் என்ற நிலையே அங்கு இருந்தது.

வகைச் சான்றிதழ் பெற்ற வடிவமைப்பில் ஒவ்வோர் ஆணிக்கும் இடம் உண்டு. எந்த உலோகம், எவ்வளவு தடிமன், எந்தக் கம்பி எந்த வழியே செல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். 'இந்த விமானம் பத்திரமானது' என்று அரசாங்கம் சொல்லும்போது, 'இந்தப் படங்களில் கண்டவாறு செய்யப்பட்டிருக்கும் வரையில் பத்திரமானது' என்பதே அதன் பொருள். ஆகவே, படத்தில் இல்லாத ஒன்றை விமானத்தில் சேர்த்த அந்தக் கணத்திலேயே பழைய உறுதிமொழி நின்றுபோகிறது. சேர்த்த பொருள் நல்லதாகவே இருக்கலாம். மூலப் பொருளைக் காட்டிலும் மேலானதாகவும் இருக்கலாம். ஆயினும் அதனைச் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. எனவே, மறுபடியும் ஒருவர் பார்க்க வேண்டும்.

மாற்றமே செய்யாமல் இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது நடவாத காரியம். ஒரு பிரயாணி விமானம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பறக்கிறது. அது பிறந்தபோது இல்லாத வானொலிக் கருவிகளும், மோதல் தடுக்கும் கருவிகளும், இணையத் தொடர்பும் பின்னர் வந்து சேர்கின்றன. மூப்படைந்த பிரயாணி விமானத்தின் நாற்காலிகளை எடுத்துவிட்டு, பக்கத்தில் பெரிய கதவு வெட்டி, அதைச் சரக்கு விமானமாக்கும் தொழில் உலகெங்கும் நடைபெறுகிறது. சில விமானங்களின் இறக்கை நுனி மேல்நோக்கி வளைந்து நிற்பதை விமான நிலையத்தில் கண்டிருப்பீர்கள். போயிங் 737 வகையைச் சேர்ந்த பல விமானங்களில் அந்த வளைந்த நுனி பிறகு பொருத்தப்பட்டதே. அதனால் எரிபொருள் செலவில் சில சதவீதம் மிச்சமாகிறது. ஆனால் இறக்கையின் நுனியில் புதிய விசை வந்து சேர்கிறபடியால், இறக்கையின் உடலையும் ஆராய்ந்து வேண்டிய இடத்தில் வலுப்படுத்த நேர்ந்தது. நுனியைத் தொட்டவன் அடியையும் பார்க்க வேண்டியதாயிற்று.

இத்தகைய மாற்றங்களை விதிகள் இரண்டாகப் பிரிக்கின்றன. விமானத்தின் எடை, சமநிலை, உறுதி, நம்பகம், பறக்கும் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்காதவை சிறு மாற்றங்கள். மற்றவை யாவும் பெரு மாற்றங்கள். விமானத்தை வடிவமைத்த நிறுவனமே பெரு மாற்றம் செய்தால், தன் வகைச் சான்றிதழையே அது திருத்திக்கொள்ளலாம். வேறொருவர் அந்த மாற்றத்தை வடிவமைத்தால், அவர் துணை வகைச் சான்றிதழ் பெற வேண்டும். மூல வகைச் சான்றிதழும் அதன்மேல் செய்யப்பட்ட மாற்றமும் சேர்ந்தே இந்தத் துணைச் சான்றிதழ் ஆகின்றன. அதனை ஒருவர் பெற்றுவிட்டால், அவரது எழுத்து மூலமான அனுமதியின்றி மற்றவர் அந்த வடிவமைப்பைத் தம் விமானத்தில் பயன்படுத்த முடியாது. அமெரிக்கா, ஐரோப்பா, கனடா முதலிய நாடுகளில் இம்முறை வழக்கில் உள்ளது. நம் நாட்டிலும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிகளில் இதற்கு இடமுண்டு.

சரி, அதிகாரிகள் எவற்றையெல்லாம் பார்க்கிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். விமானத்தில் இணையத் தொடர்பு வேண்டுமானால், அதன் முதுகின்மேல் ஓர் ஏரியலைப் பொருத்தி, அதன்மேல் ஒரு கவிகை மூட வேண்டும். பார்வைக்கு அது சிறிய திமில் போல இருக்கும். அதனைப் பொருத்தவும் கம்பிகளை உள்ளே கொண்டுசெல்லவும் விமானத்தின் தோலில் துளையிட வேண்டும்.

துளை என்றதும் விமானப் பொறியாளரின் முகம் மாறிவிடும். உயரப் பறக்கும் விமானத்திற்கு உள்ளே காற்றழுத்தம் மிகுதி, வெளியே குறைவு. இந்த வேறுபாட்டினால் விமானத்தின் தோல்மீது ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து டன்னுக்கும் மேற்பட்ட பாரம் அழுத்துகிறது. ஏறும்போதெல்லாம் அந்தத் தோல் விம்முகிறது, இறங்கும்போதெல்லாம் தளர்கிறது. மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அது ஒடிந்துபோவதை நீங்கள் செய்து பார்த்திருப்பீர்கள். உலோகமும் சோர்வடையும். துளையின் ஓரத்தில் விசை குவிவதால் சோர்வு அங்கேதான் முதலில் தொடங்கும்.

இதற்கு உலகம் கொடுத்த விலை பெரிது. காமெட் என்னும் பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு 1954ஆம் ஆண்டில் வானிலேயே சிதறின. சனவரி 10ஆம் நாள் எல்பா தீவின் அருகே 35 பேரும், ஏப்ரல் 8ஆம் நாள் நேப்பிள்சு நகருக்கு அப்பால் கடலில் 21 பேரும் மாண்டனர். பார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் சோதித்தார்கள். அது உலோகச் சோர்வினால் பிளந்தது. எல்பா அருகே கடலிலிருந்து எடுத்த பாகங்களை ஆராய்ந்தபோது, மேற்கூரையில் வானொலித் திசைகாட்டியின் ஏரியலுக்காக வெட்டப்பட்டிருந்த திறப்பின் அருகிலிருந்து விரிசல் ஓடியிருப்பது தெரிந்தது. அந்தத் திறப்பு மூல வடிவமைப்பிலேயே இருந்ததுதான். ஆயினும், முதுகில் ஒரு துளை என்ன செய்யும் என்பதை அது உலகத்துக்குக் கற்பித்துவிட்டது.

ஆகையால், புதிய ஏரியலின் துளையைச் சுற்றி எத்தகைய வலுவூட்டுத் தகடு வேண்டும் என்று முதலில் கணக்கிடுகிறார்கள். பிறகு அடுத்தடுத்துக் கேள்விகள் எழுகின்றன. சுமார் 1.8 கிலோ எடையுள்ள பறவை வேகமாகப் பறக்கும் விமானத்தில் மோதினாலும், விமானம் பத்திரமாகத் தரையிறங்க வேண்டும் என்பது பெரிய விமானங்களுக்குரிய விதி. அப்படி ஒரு பறவை மோதிக் கவிகை பெயர்ந்தால், அது பின்னால் சென்று வாலில் அடிக்குமா? மின்னல் தாக்கினால் மின்சாரம் எந்த வழியாகப் போகும்? புதிய கருவியின் அலைகள் விமானிகளின் கருவிகளைக் குழப்புமா? கூடிய எடையால் சமநிலை எவ்வளவு நகரும்? அக்கருவி உண்ணும் மின்சாரத்தைத் தர ஜெனரேட்டருக்குச் சக்தி உண்டா? ஒவ்வொரு கேள்விக்கும் கணக்கோ சோதனையோ விடையாக வர வேண்டும். தரையில் சோதனை, வானில் சோதனை, பொருத்தியது படத்தில் உள்ளபடி இருக்கிறதா என்ற சோதனை என்று வரிசையாக நடக்கும். இறுதியில், விமானியின் கையேட்டுக்குப் பின்னிணைப்பும் பராமரிப்போருக்குரிய குறிப்புகளும் எழுதப்பட வேண்டும். மாற்றம் செய்தவர் நாளை இருக்கமாட்டார், விமானம் இருக்கும். அவர் அறிந்ததைப் பின்வருபவரும் அறிய வேண்டுமன்றோ?

நாற்காலிக்கும் இப்படித்தான். பெரிய விமானங்களின் நாற்காலிகள், மோதலின்போது தம்மையும் தம்மில் அமர்ந்தவரையும் எடையைப்போல் 16 மடங்கு விசை முன்னோக்கித் தள்ளினாலும் தாங்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டில் வந்தது. முன்பு அது 9 மடங்காக இருந்தது. மெத்தையின் நுரை எளிதில் பற்றி எரியக் கூடாது. முன் நாற்காலியின் முதுகில் தலை மோதினால் மண்டை உடையக் கூடாது. நாற்காலிகளுக்கு நடுவே ஓடும் வழி, அவசரக் கதவை அடைய இடம் தர வேண்டும். ஆரவாரம் என்று நான் எண்ணியது இதைத்தான்.

இனி, பாகங்களைப் பற்றி ஒரு சொல். வடிவமைப்பை மாற்றாமல், தேய்ந்துபோன பாகத்தை அதே அளவுள்ள பாகத்தால் மாற்றினாலும் அனுமதியின் கை அங்கும் நீள்கிறது. மாற்றுப் பாகம் செய்து விற்பவர், மூலப் பாகத்துக்கு அது ஈடானது என்று நிறுவி, உற்பத்தி அனுமதியும் பெற வேண்டும். ஒவ்வொரு பாகத்துடனும் அதன் பிறப்பை உரைக்கும் தாள் வர வேண்டும். தாளுக்கு இத்தனை மதிப்பா என்று எண்ணுவோருக்கு ஒரு வரலாறு உண்டு.

கான்வேர் 580 என்பது விந்தையான விமானம். பிஸ்டன் இயந்திரத்தோடு பிறந்த பழைய கான்வேர் விமானங்களிலிருந்து அந்த இயந்திரங்களைக் கழற்றிவிட்டு, டர்பைன் இயந்திரங்களைப் பொருத்தி அதனை உண்டாக்கினார்கள். விமானத்தின் இதயத்தையே மாற்றிய பெரு மாற்றம் அது. முறைப்படி ஆராயப்பட்டு அனுமதி பெற்றது. பல ஆண்டுகள் நன்றாகப் பறந்தது. அத்தகைய விமானம் ஒன்று 1989ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் ஆஸ்லோவிலிருந்து ஹாம்பர்க் நகருக்குப் பறக்கையில் டென்மார்க்குக்கு வடக்கே கடலில் வீழ்ந்தது. ஒரு கப்பல் நிறுவனத்தின் ஊழியர்கள், புதிய கப்பலுக்குப் பெயர் சூட்டும் விழாவுக்காக அதில் சென்றுகொண்டிருந்தார்கள். பிரயாணிகளும் சிப்பந்திகளுமாக 55 பேரும் மாண்டனர். நார்வே நாட்டு விசாரணையாளர்கள் கடலடியிலிருந்து பாகங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். செங்குத்தான வாலை உடலோடு இணைக்கும் ஆணிகளில், குறிக்கப்பட்ட உறுதி இல்லாத போலி ஆணிகள் இருந்தன. இதயத்தை மாற்றியபோது ஒன்றும் நேரவில்லை. ஏனெனில் பலர் பார்த்தார்கள். ஆணியை மாற்றியபோது விமானம் வீழ்ந்தது; ஏனெனில் அதை எவரும் பார்க்கவில்லை.

இதுவரை சொன்னதிலிருந்து, அனுமதி இருந்தால் நன்மை, இல்லாவிட்டால் தீமை என்ற முடிவுக்கு நீங்கள் வந்திருப்பீர்கள். அது பாதி உண்மை. மறுபாதி கடினமானது. அதனைச் சொல்லவே நான் இன்று வந்தேன்.

சுவிஸ்ஏர் நிறுவனத்தின் 111ஆம் எண் விமானம் 1998ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இரவு நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் புறப்பட்டது. மெக்டானல் டக்ளஸ் எம்.டி.-11 வகை விமானம், 215 பிரயாணிகள், 14 சிப்பந்திகள். புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆகுமுன், கனடாவின் கிழக்குக் கரையை ஒட்டிப் பறக்கையில், விமானிகள் ஏதோ ஒரு வாடையை உணர்ந்தார்கள். அங்குள்ள நேரப்படி இரவு 10 மணி 10 நிமிடம். பிறகு புகை தெரிந்தது. அவர்கள் தரைக்குச் செய்தி சொல்லி, ஹாலிபாக்ஸ் விமான நிலையத்தை நோக்கித் திரும்பினார்கள். மேற்கூரைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தீ பரவிக்கொண்டிருந்தது. 10 மணி 25 நிமிடத்தில் பதிவுக் கருவிகள் நின்றன. 10 மணி 31 நிமிடத்தில் விமானம் பெக்கீஸ் கோவ் என்னும் மீனவச் சிற்றூருக்கு அருகே கடலில் வீழ்ந்தது. 229 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நான்காண்டுகளுக்கு மேல் இதனை ஆராய்ந்தது. விமானத்தின் எடையில் ஏறத்தாழ 98 சதவீதத்தைக் கடலிலிருந்து மீட்டார்கள். அதன் முன்பகுதியைத் துண்டு துண்டாகச் சேர்த்து மறுபடி நிறுத்தினார்கள். அவர்கள் கண்டவற்றில் நம் பொருளுக்கு உரியவற்றை மட்டும் சொல்கிறேன்.

இந்த விமானத்தில் பிரயாணிகளின் பொழுதுபோக்குக்காகப் படம் பார்க்கவும் விளையாடவும் உதவும் கருவித் தொகுதி ஒன்று 1997ஆம் ஆண்டில் பொருத்தப்பட்டிருந்தது. விமானத்தோடு பிறந்ததன்று அது. திருட்டுத்தனமாகப் பொருத்தப்பட்டதுமன்று, அதற்குத் துணை வகைச் சான்றிதழ் இருந்தது. அச்சான்றிதழை அளிக்கும் அதிகாரத்தை அமெரிக்க விமானத் துறை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. அத்தொகுதிக்கு வேண்டிய மின்சாரத்தைப் பிரயாணிகள் பகுதிக்குரிய மின்கிளையிலிருந்து எடுப்பதே முதல் திட்டம். அந்தக் கிளைக்கு அவ்வளவு சக்தி இல்லை. ஆகவே, வேறொரு கிளையிலிருந்து எடுத்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று தெரியாத புகை எழுந்தால், விமானி செய்ய வேண்டிய முதற்காரியங்களில் ஒன்று பிரயாணிகள் பகுதியின் மின்சாரத்தை ஒரே விசையால் நிறுத்துவது. மூல வடிவமைப்பைச் செய்தவர்கள் அதற்கென்றே அந்த விசையை வைத்தார்கள். புதிய தொகுதியோ வேறு கிளையிலிருந்து உண்டது. எனவே, விசையை அணைத்தாலும் அது அணையவில்லை. அதனை நிறுத்தத் தனி விசையும் இல்லை; சர்க்யூட் பிரேக்கர்களை இழுத்தால்தான் நிற்கும். அன்றிரவு விமானிகள் தம் கையேட்டின்படி விசையை அணைத்தார்கள். பிரயாணிகள் பகுதிக்குப் போகும் மின்சாரம் நின்றுவிட்டது என்று அவர்கள் நம்புவதற்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் நிற்கவில்லை.

அந்தக் கருவிதான் தீயை மூட்டியது என்று நான் சொல்லவில்லை. விசாரணையாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. தீ தொடங்கிய இடத்துக்கருகே, அத்தொகுதிக்கு மின்சாரம் கொண்டுசென்ற கம்பியொன்றில் மின்பொறி தெறித்த அடையாளம் இருந்தது. ஆனால் வேறு கம்பியும் அதில் சம்பந்தப்பட்டிருக்கக்கூடும். எது முதலில் என்று அவர்களால் நிச்சயிக்க முடியவில்லை. சுவர்களுக்குள் வெப்பத் தடுப்புக்காக வைத்திருந்த உலோகப் பூச்சுப் பிளாஸ்டிக் உறை எளிதில் பற்றி எரிந்ததும், அன்றைய தீச்சோதனை விதிகள் போதாமல் இருந்ததும் பெருங்காரணங்கள் என்று அவர்களின் அறிக்கை கூறியது. அந்த உறையும் அன்றைய சோதனையில் தேறியதே! வாடையை உணர்ந்த உடனேயே விமானிகள் திரும்பியிருந்தாலும் பத்திரமாகத் தரையிறங்கியிருக்க முடியாது என்றும் அறிக்கை கண்டது. இவற்றோடு, பொழுதுபோக்குத் தொகுதியை விமானத்தின் மின்சார அமைப்போடு இணைத்த முறையை, அந்த விமானத்தைப் போதிய அளவு அறிந்தவர்கள் மதிப்பிடுவதை அனுமதி முறை உறுதிசெய்யவில்லை என்பதையும் அது சுட்டிக்காட்டியது. அத்தொகுதிக்குரிய சான்றிதழை அமெரிக்க அரசாங்கம் 1999ஆம் ஆண்டில் நீக்கிவிட்டது. தடுப்பு உறைகளை அகற்ற ஆணையிட்டது. 2003ஆம் ஆண்டில் இன்னும் கடுமையான தீச்சோதனையை விதித்தது.

இதனை நான் முதன்முதலாகப் படித்தபோது, என் மனம் கனடாவின் கடற்கரையில் நிற்கவில்லை. என் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு ஓடியது. முன்பு சொல்வதாகச் சொன்னது இதுதான்.

நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், பழைய மாணவர்கள் சிலர் அன்போடு ஓர் இரும்பு அலமாரியை ஆய்வுக்கூடத்துக்கு வாங்கித் தந்தார்கள். அமிலக் குப்பிகள் அதுவரை திறந்த பலகைத் தட்டில் இருந்தன. அலமாரி வந்ததால் ஆபத்து குறையும் என்று அனைவரும் மகிழ்ந்தோம். உறுதியான அலமாரி; நல்ல பூட்டு. அதனை எங்கே வைப்பது என்று ஆய்வக உதவியாளர் கேட்டார். 'இடமிருக்கும் பக்கம் வையுங்கள்' என்றேன். பின்கதவின் ஓரம் இடமிருந்தது. வைத்துவிட்டு இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். 'பெற்றுக்கொள்ளப்பட்டது, முறையாக நிறுவப்பட்டது' என்று எழுதியிருந்தது. என் அறையை விட்டு எழாமலேயே கையொப்பமிட்டேன்.

இரண்டு மாதங்களுக்குப் பிறகு ஒருநாள், ஒரு மாணவனின் கை பட்டு ஸ்பிரிட் விளக்கு கவிழ்ந்தது. மேசைமீது தீ ஓடியது. ஆசிரியர் ஈரச் சாக்கைப் போட்டு அதை அணைத்துவிட்டார். ஆனால் அந்த அரை நிமிடத்துக்குள் பிள்ளைகள் பின்கதவுக்கு ஓடினார்கள். உட்புறம் திறக்கும் கதவு அது. அலமாரி இடித்ததால் பாதிதான் திறந்தது. நெரிசலில் ஒரு பையன் கீழே விழுந்தான். அவன்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். அவனுக்கு முன்கை எலும்பு முறிந்தது. தெய்வாதீனமாக அதற்குமேல் ஒன்றும் நேரவில்லை.

அன்று மாலை அவனுடைய தந்தையார் பள்ளிக்கு வந்தார். விவசாயி. கோபித்துக்கொள்ளவில்லை. 'ஐயா, கதவு ஏன் முழுக்கத் திறக்கலை?' என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அலமாரி நல்லது. கதவும் நல்லது. அலமாரியைத் தந்தவர்கள் நல்லவர்கள். வைத்தவர் சொன்னபடி செய்தவர். கதவுக்கும் அலமாரிக்கும் நடுவே நின்று ஒருமுறை கதவைத் திறந்து பார்த்திருக்க வேண்டியவன் நான் ஒருவனே. அதற்காகத்தான் பதிவேட்டில் தலைமையாசிரியரின் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். நான் அந்த இடத்தை மையால் நிரப்பினேன், பார்வையால் நிரப்பவில்லை.

மறுநாள் அவரைத் தேடி அவர் வீட்டுக்குச் சென்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவர் பாயை விரித்து உட்காரச் சொன்னார். பையன் கட்டுப் போட்ட கையோடு எழுந்து நின்றான். அந்த வீட்டில் குடித்த மோர் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

மாணவ நண்பர்களே, துணை வகைச் சான்றிதழ்களில் ஒரு முக்கியமான எச்சரிக்கை இடம்பெறும். இந்த மாற்றம், இந்த விமானத்தில் முன்பே செய்யப்பட்ட பிற மாற்றங்களோடு பொருந்துகிறதா என்று பொருத்துகிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே அனுமதி பெற்றிருக்கலாம். இரண்டும் ஓர் உடலில் சந்திக்கும்போது என்னவாகும் என்பதை எந்தச் சான்றிதழும் தானாகச் சொல்லாது. அதை ஒரு மனிதர் அந்த இடத்துக்குப் போய்த் தம் கண்ணால் காண வேண்டும்.

உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் விமானத் துறையிலும் சேரக்கூடும். வேறு சிலர் மருத்துவமனையிலும், பாலம் கட்டும் இடத்திலும், என்னைப்போல் பள்ளியிலும் பணிபுரிவீர்கள். எங்கே இருந்தாலும், ஒருநாள் ஒருவர் ஒரு தாளை உங்கள்முன் நீட்டி, 'எல்லாம் சரியாக இருக்கிறது. கையொப்பம் மட்டும்தான் பாக்கி' என்பார். அவர் பொய் சொல்லமாட்டார். சரியாக இருப்பதாகவே நம்பியிருப்பார். அப்போது, 'ஒரு நிமிடம் பொறுங்கள்' என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். மூலத்தை அமைத்தவர் இதை ஏன் இப்படி அமைத்தார்? புதிதாக வந்தது எதன்மேல் சாய்கிறது, எதிலிருந்து உண்கிறது? ஆபத்து வேளையில் அதை நிறுத்துவது எப்படி? நிறுத்த வேண்டியவருக்கு அது தெரியுமா? இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். தாமதமாகிறது என்று சிலர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

தாமதத்தால் வரும் நஷ்டத்தை எவரும் கணக்கிட்டுவிடலாம். அந்தத் தாமதத்தால் நேராமற்போன விபத்தைக் கணக்கிட முடியாது. அது எந்தப் பத்திரிகையிலும் வராது. ஆதலின், இப்பணியைச் செய்பவருக்குப் பாராட்டும் கிட்டுவதில்லை. பாராட்டில்லாத பணியைச் செவ்வையாகச் செய்கிற சிலரை நம்பியே நாம் ஒவ்வொரு நாளும் விமானத்தில் ஏறி, பட்டையை மாட்டிக்கொண்டு, கவலையின்றிக் கண்ணை மூடுகிறோம்.

அன்று கை முறிந்த பையன் இன்று மின்சாரப் பணியாளராக இருக்கிறான். சென்ற ஆண்டு என் வீட்டில் ஒரு புதிய மின்விசிறி மாட்ட வந்திருந்தான். மாட்டி முடித்தபின் ஏணியை விட்டு இறங்கி, நேரே வாசலுக்குச் சென்று, மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் பார்த்தான். விசிறி நின்றது. மறுபடி போட்டுவிட்டு, 'இப்போது சரி, ஐயா' என்றான்.